சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

அன்று தோட்ட ஆபீசில் இருந்தவர்கள்: யாழ்ப்பாணத்தவரான பெரிய கிராணி, அவருக்குக் கீழே கணக்கெழுதும் சின்னக் கிராணியான அப்பா, பொங்கல் தூக்கோடு அம்மா, சந்தனக் கிண்ணத்தோடு நான். ஆயுத பூசை என்பதால் வேறு யாரும் இல்லை.

சுங்காய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. பால்மரம் சீவிக்கொண்டிருந்த அப்பாவை அவருடைய முத்துமுத்தான கையெழுத்துதான் ஆபீஸ் நாற்காலிக்குக் கொண்டுவந்தது. நாற்காலியோடு, லயத்து வரிசை வீட்டைவிட்டுத் தனி வீடும் கிடைத்தது. இனிமேல் சம்பளக் கணக்கை ஈப்போவிலிருந்து வந்த கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்றார்கள். அப்பா பழகாவிட்டால் நாற்காலி போகும், வீடும் போகும்.

பழகத்தான் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, மத்தியானம்வரை அதைப் பார்த்தபடியே இருப்பாராம். வீட்டுக்கு வந்தால் புலம்பல்தான். தாளில் தப்பு விழுந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடலாம், தப்பு கண்ணெதிரே இருக்கும். இதில் எது போனது என்றே தெரியாதே, தோட்டத்துச் சம்பளம் மொத்தமும் போய்விட்டால் யார் முகத்தில் முழிப்பது என்பார். பெரிய கிராணி பின்னால் நின்று சிரிப்பது அதைவிட மோசமாம்.

அம்மாதான் வழி சொன்னார். தராசுக்கும் டைப்ரைட்டருக்கும் பொட்டு வைப்பதுபோல இதற்கும் அப்பா கையாலேயே வைக்கட்டும், சாமியாக நினைத்துத் தொட்டால் பயம் விட்டுவிடும் என்றார்.

அப்பா ஒரு பொட்டோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பட்டனாக வைத்துக்கொண்டே போனார். முகம்கூடத் தெளிந்துவிட்டது. திரை இருட்டாக இருந்ததால் அதுவும் பூசைக்கு ஓய்வெடுக்கிறது என்று நினைத்திருப்பார். ஆனால் பெரிய கிராணி திரையை மட்டும் அணைத்துவிட்டு, உள்ளே கணக்கை ஓட விட்டிருந்தார்.

சந்தனம் ஒட்டிய பட்டன் ஒன்று அமுங்கியபடியே நின்றுவிட, திடீரென்று அது கத்தத் தொடங்கியது. விடாமல், ஒரே குரலில். அப்பா தூக்கிய விரலை இறக்கவே இல்லை. வேட்டி நனைந்து, சிமெண்டுத் தரையில் ஓடிய ஈரம் என் காலைத் தொட்டது.

“உம்மைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேணும்” என்று பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் ஊரைச் சொல்லிச் சிரித்த பெரிய கிராணி, தரையைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். திரையைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒண்டும் அழியேல்லை. எல்லாம் அப்பிடியே கிடக்கு. இஞ்ச வந்து பாரும்” என்றார். நல்ல மனிதர், உண்மையைத்தான் சொன்னார்.

அப்பா பார்க்கவில்லை. “எனக்கு மரமே போதும்லா ஐயா” என்றார்.

“அப்ப வீடு?” என்றார் அம்மா.

அந்த மாதமே லயத்துக்கு வந்தோம். ஆறாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது; அப்பா சீவும் நிரையில் பால் எடுக்கப் போனேன். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா கம்ப்யூட்டரிடமிருந்து தப்பி வந்துவிட்டார் என்று நம்பினேன்.

அவர் சீவிய மரங்களில் உளி ஆழமாக இறங்கிக் காயம் விழுந்தது. “என்னய்யா கை இப்படி ஆடுது, காலையிலேயே ஊத்திக்கிட்டியா?” என்று வேலையை மேற்பார்க்கும் தண்டல் ஏசுவார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று நான்தான் பரிந்து பேசுவேன்.

அப்பாவுக்கு அப்போது முப்பத்தெட்டு.