உள்ளே நேரம் ஓடாது

எங்கள் யூனிட்டில் அவருக்கு லாஜிக் அக்கா என்று பெயர். வைத்தது லைட்மேன்கள். அவர் பார்த்த வேலைக்குக் கண்டினியூட்டி என்று பெயர், அது அவர்கள் வாயில் நுழையவில்லை. ஒரு காட்சியில் காலியான தண்ணீர் டம்ளர் அடுத்த காட்சியில் நிரம்பி நின்றால் தியேட்டரில் சிரிப்பார்கள். அப்படிச் சிரிக்க விடாமல் காப்பதுதான் அந்த வேலை. அக்கா அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தார்.

நான் படங்களுக்குத் துணி தைப்பவன். எனக்கு முன்கோபம் அதிகம். என் தையலில் யாராவது குறை சொன்னால், கையில் இருக்கும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வேன், அது அவர்கள் நல்லதுக்கு. அக்காவிடம் மட்டும் என் வாய் திறக்காது. போன காட்சியில் இரண்டாவது பட்டன் திறந்திருந்தது, இப்போது ஏன் பூட்டியிருக்கிறது என்பார். போனில் எடுத்து வைத்த படத்தைக் காட்டுவார். திறந்துதான் இருக்கும்.

அந்தப் படம் ஒரு விஞ்ஞானக் கதை. அடுக்குமாடி வீடு ஒன்றில் ஐந்து வயதுப் பெண் குழந்தை லிஃப்டில் ஏறுகிறாள். கதவு மூடுகிறது. அம்மா அடுத்த மாடிக்குப் படியில் ஓடி வந்து பார்த்தால் லிஃப்ட் காலி. பன்னிரண்டு வருஷம் கழித்து அதே கதவு திறக்கிறது, குழந்தை வெளியே வருகிறாள். லிஃப்டுக்குள் நேரம் ஓடவே இல்லை. இதுதான் கதை. கேட்டபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டைரக்டர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி, ஆனால் எதைக் கேட்டாலும் உருவகம் என்பார். அது லிஃப்டே இல்லையாம், துக்கமாம். துக்கத்துக்கு எதற்கு இத்தனை வயரும் புகையும் என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

அக்கா அடக்கவில்லை. உள்ளே நேரம் ஓடாதென்றால் லிஃப்டில் ஃபேன் மட்டும் எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டார். டைரக்டர் உருவகம் என்று ஆரம்பித்தார். "காதுல பூ சுத்தலாம் சார். ஆனா கடைசி வரைக்கும் ஒரே பூவா இருக்கணும்" என்றார் அக்கா. ஃபேன் நின்றது. உள்ளே போகும்போது குழந்தை கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்ததால், வெளியே வரும்போதும் அதே பிஸ்கட்தான், அதே பாதிதான் என்று பிடித்த பிடியில் நின்றார். டைரக்டர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்.

உள்ளே போகும் காட்சியை எடுத்து முடித்தோம். குழந்தைக்கு மஞ்சள் கவுன், கழுத்தோரம் நான் கையால் போட்ட வாத்துகள். சில வாரம் கழித்து வெளியே வரும் காட்சி. அதற்கு முன்னால் அக்கா போன் செய்து அதே கவுனைப் புதிதாகத் தைக்கச் சொல்லி அளவு கொடுத்தார். கிட்டத்தட்ட என் அண்ணன் மகள் அளவு, அவள் காலேஜுக்குப் போகிறாள். எழுதிக்கொண்டே, இவ்வளவு பெரிதா என்று கேட்டேன்.

"பின்ன? இத்தனை வருஷம் ஆச்சில்ல தம்பி, வளர்ந்திருப்பா. கை மட்டும் கொஞ்சம் நீளமா வை, அவங்க அப்பா வாகு."

படத்தில் அப்பாவே கிடையாது. எனக்கு அது உறைக்காமல் இல்லை. ஆனால் டைரக்டர்கள் ராத்திரி படுக்கும்போது ஒரு கதையோடு படுத்து, காலையில் இன்னொன்றோடு எழுந்திருப்பவர்கள். அதோடு, சொன்னது அக்கா. வாத்துகளைப் பெரிதாக்கித் தைத்து முடித்தேன்.

ஷூட்டிங் அன்று குழந்தைக்கு அந்தக் கவுனை மாட்டியதும் மேக்கப் பெண் சிரித்தாள், லைட்மேன்கள் சிரித்தார்கள். டைரக்டர் வந்து பார்த்தார், இதை யாருக்குத் தைத்தாய் என்று எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். அதற்குள் அக்கா குறுக்கே வந்து, அளவு கொடுத்தது நான்தான் என்றார்.

டைரக்டருக்கு ஒன்றும் ஓடவில்லை. உள்ளே நேரம் ஓடாது என்று ஃபேனையே நிறுத்தியது நீங்கள்தானே என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா கவுனின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உள்ள ஓடாது சார், சரிதான். ஆனா வெளிய நிக்கிற அம்மா சும்மா இருப்பாளா? வருஷா வருஷம் வளத்துக்கிட்டேதானே இருப்பா. கதவு தெறந்தா அவ வளத்த பொண்ணுதானே வரணும்?"

"அழகான உருவகம்க்கா" என்றார் டைரக்டர். கிண்டல் இல்லை, மனசாரச் சொன்னார். "ஆனா லாஜிக் இடிக்குதே."

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. அந்த வார்த்தையை அவரிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை.

சின்ன கவுன் என் பெட்டியில் இருந்தது. அதற்கு இஸ்திரி போடும்வரை டீ பிரேக். அக்கா என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் கேட்காமலே சொன்னார். ஒரு மகள் இருந்தாளாம். இந்தக் குழந்தை வயசுதான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள், விடிவதற்குள் முடிந்துவிட்டது. கணவரால் அந்த வீட்டில் இருக்க முடியவில்லை, வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டார். போனில் பேசுவார், மகளைப் பற்றி மட்டும் பேசமாட்டார். அக்கா தனியாகவே அவளை வளர்த்தார். பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். பல் விழுந்தது, கண்ணாடி போட்டார்கள். கணக்கில் சுத்த மக்கு என்று சொல்லும்போது அக்கா சிரித்தே விட்டார். துணிக்கடைக்குள் போனால் கை தானாக அந்த வயசு அளவைத்தான் எடுக்குமாம், வாங்காமல் மடித்து வைத்துவிட்டு வருவாராம்.

"போன வருஷம் என் உயரத்தைத் தாண்டிட்டா தம்பி."

இத்தனை படம் சேர்ந்து வேலை பார்த்தும் எங்களில் ஒருவனுக்கும் இது தெரியாது. இன்றைக்கு வேறு யாராவது பார்க்கட்டும், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் அக்கா என்றேன். அவர் கேட்கவில்லை. நேராக லிஃப்ட் செட்டுக்குப் போனார்.

குழந்தை உள்ளே நின்றாள். அக்கா அவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, போனில் இருந்த படத்தையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இடது சாக்ஸைக் கீழே இறக்கினார். நெற்றியில் இரண்டு முடியை இழுத்து விட்டார். கடைவாயில் சாக்லேட் தடவியபோது குழந்தை கூச்சத்தில் நெளிந்தாள். பிஸ்கட்டை அளவாகக் கடித்து அவள் கையில் கொடுத்தார்.

மைக்கில் டைரக்டர் கேட்டார், பொண்ணு சரியா இருக்காளா என்று.

அக்கா எழுந்து நின்று குழந்தையின் தலையில் கையை வைத்திருந்தார். தலை அவர் இடுப்புக்குத்தான் வந்தது. டைரக்டர் இரண்டாம் தடவை கேட்டார்.

"சரியா இருக்கா சார்" என்றார் அக்கா. "கொஞ்சம்கூட வளரல."

லிஃப்ட் கதவை மூடினார்கள். அக்கா செட்டுக்குப் பின்னால் போய்விட்டார். கேமரா ஓடியது, கதவு திறந்தது, குழந்தை பிஸ்கட்டோடு வெளியே வந்தாள், அம்மா நடிகை ஓடிவந்து கட்டிக்கொண்டார். சவுண்ட் இன்ஜினியர் கையைத் தூக்கி நிறுத்தினார். எங்கேயோ யாரோ அழும் சத்தம் சேர்ந்து பதிவாகிறது என்றார்.

செட் தட்டிக்குப் பின்னாலிருந்து அது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இன்றைக்குச் செத்த வீட்டில் அழுவது போல அக்கா அழுதுகொண்டிருந்தார். டைரக்டர் ஹெட்போனைக் கழற்றினார்.

"அழட்டும்" என்றார். "அப்புறம் எடுத்துக்கலாம்."