இருநூற்றுப் பத்தாவது மீட்டர்

மலைக்குள் தோண்டிய சுரங்கத்தில் அவளுக்குச் சுவர் கழுவுகிற வேலை. வெடி வைத்துப் புகை அடங்கியதும் ரப்பர் குழாயோடும் பிரஷோடும் உள்ளே போவாள். சேறும் தூசியும் போனால்தான் பாறையின் நிறம் தெரியும். அதற்குப் பிறகு நிலவியல் அதிகாரி வந்து படம் வரைவார். அவரை எல்லோரும் பாறை சார் என்றார்கள், இவளைப் பிரஷ் அக்கா. "எங்க வீட்டுச் சுவர் இவ்வளவு தண்ணியக் கண்டதில்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

தேடியது மாலிப்டினத்தை. எஃகோடு சேர்த்தால் அது எந்தச் சூட்டையும் தாங்குமாம். எப்போதோ மலைக்கடியில் குழம்பாகக் கிடந்த பாறை ஆறியபோது, கொதிநீர் வெடிப்புகளில் ஏறி வெள்ளைக் கல்லாக உறைந்துவிட்டது என்று பாறை சார் சொல்லியிருந்தார். அந்த வெள்ளைக் கோடுகளின் ஓரத்தில்தான் தாது ஈயநிறத்தில் மினுங்கும். தொட்டால் பென்சில் கரி மாதிரி விரலில் அப்பிக்கொள்ளும், லேசில் போகாது. ஐந்து வருஷமாக அவள் பிசைந்த மாவிலெல்லாம் அந்தக் கருமை கொஞ்சம் இருந்தது.

இருநூற்றுப் பத்தாவது மீட்டரில் கோடுகள் எல்லாம் வெட்டி விட்டதுபோல் நின்றுபோயின. அதற்கப்பால் வெறும் பாறை. அந்த இடத்தில் மலை பிளந்து, அப்பாலிருந்த பாதி நகர்ந்து போயிருந்தது. மிச்சத் தாதுவும் அதோடு போயிருந்தது. இடப்பக்கமா வலப்பக்கமா என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

பிளவின் முகம் ஒரு கதவளவு சுவரில் தெரிந்தது. பளபளவென்று, நீள நீளமான கீறல்களோடு. அதைக் கழுவும்போது அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. இடப்பக்கமாகத் தேய்த்தால் பிரஷ் வழுக்கிக்கொண்டு போயிற்று. வலப்பக்கமாகத் தேய்த்தால் மீன் செதிலை எதிர்த்துத் தடவினதுபோல் தடுத்தது. உரசிக்கொண்டு போன மலை இடப்பக்கம்தான் போயிருக்கும் என்று அவள் கைக்குப் பட்டது.

முந்தின வாரம்தான் பாறை சார் அவள் கணவரைப் பற்றி மேலே எழுதிப் போட்டிருந்தார், வேலை நேரத்தில் தூங்கினார் என்று. அதே சுரங்கத்தில் துளையிடும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் மறுநாளே கல் அள்ளப் போனார். அது அவளுக்கு ஆறவில்லை.

பாறை சார் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவர் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு திரும்பி, "ஏம்மா, கழுவும்போது ஏதாவது கண்ணுல பட்டுதா?" என்றார்.

"சேறுதான் சார்" என்றாள்.

மலைமேல் மிஷினை ஏற்றி, வலப்பக்கம் மூன்று துளை போட்டார்கள். மூன்றிலும் வெறுங்கல். நாலாம் மாதம் சுரங்க வாயை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. நூற்று அறுபது பேர் வெளியே வந்தார்கள். அவள் கணவர் தூர தேசத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்; இரண்டாம் வருஷம் கூரை சரிந்து, முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லாமல் திரும்பினார். அவள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கச் சேர்ந்தாள். "அந்தாளு மட்டும் சரியான பக்கத்தக் காட்டியிருந்தா..." என்று அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம், அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விடுவாள். கடைசிவரை அவரிடம் சொல்லவில்லை. அவர் இறந்தபோது அந்தப் பேச்சும் போய்விடும் என்று நினைத்தாள். போகவில்லை.

பதினாலாம் வருஷம் வேறொரு கம்பெனி வந்து இடப்பக்கம் துளை போட்டது. எண்பதாவது மீட்டரில் தாது. பேப்பரில் படித்த அந்த வாரமே இரண்டு பஸ் மாறி பாறை சார் வீட்டுக்குப் போனாள்.

அவர் உடம்பு வற்றி, சின்ன வீட்டில் மகளோடு இருந்தார். அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உட்காரும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கடைசியில், "எங்க வீட்டுக்காரருக்கு அன்னைக்கு நெருப்பாக் காய்ச்சல் சார். அதனாலதான் தூங்கிட்டாரு" என்றாள்.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றார். "ஆனா அந்தச் சுவர நானும் தடவிப் பாத்தேன், உன்னக் கேக்குறதுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் சார் வலப்பக்கம்?"

"தடவிப் பாக்குறது பல நேரம் ஏமாத்திடும். இருந்தாலும் இடப்பக்கமா இருக்கலாம்னு எழுதினேன். அந்தப் பக்கம் செங்குத்து, ரோடு போட ஆறு மாசமாகும்னு மேல சொன்னாங்க. வலப்பக்கம் மிஷின ஏத்தியாச்சு. நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நான் சொல்லியிருந்தா?"

"பொய் சொல்லக் கூடாது. கேட்டிருக்க மாட்டேன்மா. நீ இத மனசுல வச்சுக்காத."

மனசு லேசாகும் என்று நம்பித்தான் வந்திருந்தாள். லேசாகவில்லை. தான் வாயைத் திறந்திருந்தால் நூற்று அறுபது வீட்டு அடுப்பும் அணையாமல் இருந்திருக்கும் என்று பதினாலு வருஷம் நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில் அழுதாள், ஆனால் அதில் அவளும் ஒரு பொருட்டாக இருந்தாள். இப்போது அதுவும் இல்லை. மகள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "வரேன் சார்" என்று எழுந்தாள். அவர் வாசல்வரை வந்து, "பாத்துப் போம்மா" என்றார்.

புதுக் கம்பெனியின் கேட்டிலும் ஒருநாள் போய் நின்றாள். சுவர் கழுவ இப்போது ஆள் வேண்டாம், பம்பு இருக்கிறது என்றார் காவலாளி. வயதைக் கேட்டுவிட்டு, பேரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து, இரண்டாம் மாடியிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். கூட வேலை செய்கிறவள், "நேத்து எங்கக்கா போன?" என்று கேட்டாள்.

"சும்மா, ஒரு வேலையாப் போனேன்" என்றாள்.