அக்காவின் வெள்ளைச் சட்டை

மகளின் அலுமாரியைத் திறந்ததும் பூச்சி உருண்டை மணத்தது. சிறுவயதில் நாங்கள் இருந்த கொழும்பு கொட்டாஞ்சேனை வீடும் அக்கா மேர்சியின் வெள்ளைச் சட்டையும் நினைவுக்கு வந்தன.

அப்போது இரண்டாம் உலக யுத்தகாலம். ஆண்டவர் எந்த நேரமும் பூமிக்குத் திரும்பி வரலாம் என்பார் அம்மா. அவரை எதிர்கொள்ளவென்றே அக்கா அந்தச் சட்டையைத் துவைத்து, பூச்சி உருண்டை போட்டு மடித்து வைத்திருந்தாள்.

“இப்ப வந்தாலும் மேர்சி ஆயத்தம். நீதான் ஊத்தைச் சட்டையோட நிப்பாய்,” என்று அம்மா என்னிடம் சொல்வார். எனக்கு வயிறு எரியும்.

ஒரு பின்னேரம் அந்தச் சட்டையை விறகுக் குவியலுக்குள் ஒளித்து வைத்தேன். மறுநாள் காலை, குண்டுவீச்சுக்கான அபாயச் சங்கு ஊதியது. எனக்கோ அது ஆண்டவரின் வருகையை அறிவிக்கும் வானத்து எக்காளமாகவே கேட்டது. மேசைக்கடியில் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

“அக்கா, உங்கட சட்டையை நான்தான் ஒளிச்சனான்.”

“தெரியும். நேற்றே கண்டனான். நீயாச் சொல்லட்டும் எண்டு விட்டுட்டன்,” என்று அக்கா என் தலையைத் தடவினாள்.

அவளுக்குக் கோபம்கூட வரவில்லையே என்று பொறாமை இன்னும் கூடியது.

போன மாதம் ஆஸ்பத்திரியில், பயணத்துக்கு வெளிக்கிட்டு நின்றவள்போல அமைதியாக அக்கா கண்ணை மூடினாள். எனக்கும் எண்பது தாண்டிவிட்டது. ஆண்டவரின் அழைப்பை நினைத்தால் இன்னும் பயமாய் இருக்கிறது. அவள்மேல் இன்றைக்கும் எனக்குப் பொறாமைதான்.