பதிவில் இல்லாத கிணறு

அந்த வரைபடம் ஒரு சாப்பாட்டு மேசையளவு அகலம். சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலைகளிலும் கோப்பிக் குவளைகளை வைத்திருந்தோம். கிணறுகளைக் குறிக்கும் கறுப்புப் புள்ளிகள் அதில் ஏராளம். டொக்டர் அவற்றில் எதையும் பார்க்கவில்லை. எல்லைக் கோட்டுக்குத் தெற்கே, ஒன்றுமே குறிக்கப்படாத மஞ்சள் பகுதியில் சுட்டுவிரலை வைத்துக்கொண்டு நின்றார். நான் உள்ளே வந்ததையும் கவனிக்கவில்லை. "அங்கே ஒன்றும் இல்லையே, டொக்டர்" என்றேன். சுடுசட்டியில் பட்டதுபோல விரலை எடுத்தார். "ஒன்றும் இல்லைதான்" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. பயந்த மனிதர்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். சோதனைச் சாவடியில் பெயர் கேட்கும்போது தொண்டை எப்படி வறளும், குரல் எந்த இடத்தில் உடையும் என்பதெல்லாம் எனக்குப் பழக்கம்.

மொன்றியலை அடுத்த புவாண்ட்-கிளேரில் ஒரு பொறியியல் ஆலோசனை நிறுவனத்தில் நான் இருபது வருடங்களுக்கு மேல் வரைபடங்கள் தயாரித்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, பிரெஞ்சு வகுப்புக்கும் மகளின் கார்டெரி என்ற குழந்தைக் காப்பகத்துக்கும் இடையில் ஓடி ஓடிப் படித்த தொழில் அது. டொக்டர் எங்கள் பிரிவுத் தலைவர். வைத்தியர் அல்ல, நிலத்தடி எண்ணெய் பற்றிய ஆராய்ச்சியில் பட்டம் வாங்கியவர். கர்க்லாண்டில் மனைவியோடும் இரண்டு பெண்பிள்ளைகளோடும் இருந்தார். மெதுவாகப் பேசுவார். யாருடைய தவறையும் கூட்டத்தில் வைத்துச் சொல்லமாட்டார். கன்ரீனில் எப்போதும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். அதை நான் வெகுகாலம் ஒரு பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

நாடுகளின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் யார் என்று கண்டுபிடிக்க அரைமணி நேரம் போதும். வளைகுடாவில் ஒரு பெரிய நாடு, அதன் அயலில் ஒரு சின்ன நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லைக்கு அடியில் இரண்டு பக்கமும் பரவி ஒரே எண்ணெய் வயல் கிடக்கிறது. அதிலிருந்து மற்றவன் களவாக உறிஞ்சுகிறான் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துதான் ஒரு காலத்தில் போர் மூண்டது. பெரிய நாட்டுப் படை புகுந்தது. பிறகு துரத்தப்பட்டுத் திரும்பியபோது, சின்ன நாட்டின் கிணறுகளுக்கு வெடி வைத்துக் கொளுத்திவிட்டுப் போனது. மாதக்கணக்கில் அங்கே பகலிலும் விளக்கு ஏற்றவேண்டி இருந்ததாம்.

முப்பது வருடங்கள் கழித்து, அதே இரண்டு நாடுகளும் அதே வயலைச் சேர்ந்து தோண்டலாம் என்று முடிவெடுத்திருந்தன. ஒரு கூட்டு நிலையம், ஒரு குழாய், வருவதில் ஆளுக்கொரு பங்கு. எந்தப் பக்கம் எவ்வளவு கிடக்கிறது, நிலையம் எங்கே எழும்பவேண்டும் என்று அளந்து சொல்ல, இரு தரப்பும் நம்பக்கூடிய மூன்றாம் ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை எங்களிடம் வந்தது. டொக்டர் பெரிய நாட்டில் பிறந்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். நீண்ட காலக் கனேடியர், அரபும் பேசுவார் என்பதால் சின்ன நாடும் ஒத்துக்கொண்டது.

வேலை தொடங்கிய நாளிலிருந்து அவர் மெலியத் தொடங்கினார். ரெலிபோன் அடித்தால் கையிலிருந்த பேனை விழும். குழுப் படம் எடுக்கும்போது கோப்பு எடுக்கப் போய்விடுவார். பிறகு ஒருநாள், கூட்டு நிலையத்துக்குக் குறித்த இடத்தை முந்நூறு மீற்றர் வடக்கே தள்ளி வரையச் சொன்னார். காரணம் கேட்டேன். "மண் சரியில்லை" என்றார். மண் அறிக்கை என் மேசையிலேயே இருந்தது. மண்ணில் ஒரு குறையும் இல்லை. சின்ன நாட்டுக்காரர்கள் உடனே கடிதம் போட்டார்கள். வடக்கே தள்ளுவது என்றால் பெரிய நாட்டுப் பக்கம் தள்ளுவது. பிறந்த மண் இழுக்கிறதோ என்று மரியாதையான வார்த்தைகளில் கேட்டிருந்தார்கள். டொக்டர் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வரைபடத்தில் நிலையம் பழைய இடத்துக்கே வந்தது.

அந்த மாசியில் ஒரு பிற்பகல், பனிப்புயலில் பஸ்கள் நின்றுபோயின. நோத்ர-டாம்-த-கிரேஸில் என் அப்பார்ட்மென்ட் வரை கொண்டுபோய் விடுகிறேன் என்று டொக்டர் தன் காரில் ஏற்றிக்கொண்டார். விமான நிலையத்தைத் தாண்டுமுன்பே நெடுஞ்சாலை அடைத்துவிட்டது. முன்னும் பின்னும் வாகனங்கள், கண்ணாடிக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. ஒருமணி நேரம் அசையாமல் நின்றோம். அப்போதுதான் அவர் பேசினார். வெளியே பார்த்துக்கொண்டே, கோர்ட்டில் வாக்குமூலம் கொடுப்பவர்போல ஆங்கிலத்தில் பேசினார்.

"எனக்கு அப்போது இருபத்தொரு வயது. பல்கலைக்கழகத்திலிருந்து பிடித்துக்கொண்டு போனார்கள். பொறியியல் மாணவன் என்று வெடி வைக்கும் பிரிவில் போட்டார்கள். நான் ஒன்பது கிணறுகளுக்கு வைத்தேன். எட்டு எரிந்தன."

"ஒன்பதாவது?"

"வெடிக்கவில்லை. மேலே மணல் மூட்டை அடுக்கியிருந்தோம். சரிபார்க்கத் திரும்பிப் போக நேரம் இல்லை, ஓடிவிட்டோம். அது போருக்குச் சற்று முன் தோண்டிய புதுக்கிணறு. அவர்களுடைய பதிவேடுகள் எரிந்துவிட்டன. கிணறு ஒன்று அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. கண்ணிவெடி அகற்றினவர்களும் அந்தப் பக்கம் போகவில்லை."

வரைபடத்தில் அவர் விரல் வைத்த இடம் என் கண்முன் வந்தது. கூட்டு நிலையம் எழும்பப்போவது அதன் மேல்தான்.

எனக்கு அந்தக் காரை விட்டு இறங்கிப் பனிக்குள் நடக்கவேண்டும் போல இருந்தது. என் அண்ணைக்கு ஒரு கால் இல்லை. எங்கள் போர் முடிந்து, பளைப் பக்கம் இருந்த தென்னங்காணியைத் துப்புரவாக்கப் போன முதல் கிழமையில் மிதிவெடியில் போனது. அதை வைத்தவன் எங்கோ உயிரோடு இருக்கிறான், அவனுக்கு அந்த இடம் தெரியும், இரவில் அவன் எப்படித் தூங்குகிறான் என்று நான் பல வருடங்கள் நினைத்ததுண்டு. அப்படிப்பட்ட ஒருவன் இவ்வளவு காலமும் எனக்குப் பிறந்தநாள் கேக் வெட்டித் தந்துகொண்டு பக்கத்து அறையிலேயே இருந்திருக்கிறான்.

"ஏன் சொல்லாமல் இருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் பயந்ததற்கெல்லாம் காரணம் இருந்தது. சின்ன நாடு அவரைப் போர்க் குற்றவாளி என்று பிடித்துத் தரச்சொல்லலாம். குடியேறும்போது படையில் இருந்ததை மறைத்ததற்காகக் கனடா குடியுரிமையைப் பறிக்கலாம். தாயார் இன்னும் பெரிய நாட்டில் இருந்தார். காட்டிக்கொடுத்தவனின் தாய் என்று அவரை என்ன செய்வார்களோ தெரியாது. எல்லாவற்றையும்விட, அளவுகோல் பிடித்தவனே பழைய எதிரிப் படைக்காரன் என்று தெரிந்தால் உடன்பாடே உடைந்துபோகலாம். பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதலாமே என்றேன். "அப்படிக் கடிதங்கள் வாரத்துக்கு ஒன்று வருகின்றன. இந்த உறவைக் குலைக்க நினைப்பவர்கள் எழுதுவது. அதோடு சேர்த்துக் கிழித்துப் போடுவார்கள்" என்றார்.

வீட்டுக்குப் போய் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். ஊரில் அப்போது விடிகாலை. பெயர், ஊர் ஒன்றும் சொல்லாமல், "அண்ணை, உங்கட காணியில வெடி வைச்சவன் இப்ப வந்து சொன்னால் என்ன செய்வியள்?" என்று கேட்டேன்.

"இப்ப வந்து சொன்னால் என்ர கால் முளைக்குமே?" என்றார். பிறகு, "ஆனா முதலே வந்து சொல்லியிருந்தால் முளைக்கத் தேவையில்லைத்தானே" என்றார். "ஏன் பிள்ளை கேக்கிறாய்?"

"சும்மா கேட்டனான். பேந்து சொல்லுறன்."

அடுத்த நாள் டொக்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். உட்காராமலே நின்றேன். "நிலம் சமப்படுத்த புல்டோசர் போகும். அதை ஓட்டப்போகிறவன் பெரிய நாட்டுக்காரனும் இல்லை, சின்ன நாட்டுக்காரனும் இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து பிழைக்கப்போன யாரோ ஒருவன். அந்த இடத்தில் குறி இல்லாமல் இந்த வரைபடத்தை நான் அச்சுக்கு அனுப்பமாட்டேன்" என்றேன். அவர் தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டார். ஒரு மனிதனின் கழுத்தில் கத்தி வைத்துவிட்டோமோ என்று அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாட்டுக் குழுக்களும் கையெழுத்திடுவதற்கு முன்னான கடைசிக் கூட்டத்துக்கு மொன்றியல் வந்தன. சின்ன நாட்டின் தலைமைப் பொறியாளர் நரைத்த தாடிக்காரர். அவருடைய இடது கை தீயில் வெந்து இறுகிப்போயிருந்தது. இளவயதில் எரியும் கிணறுகளை அணைக்கப் போனவராம். வரைபடத்தை மேசையில் விரித்துவிட்டு நான் சுவரோரம் நின்றேன். டொக்டர் எழுந்தார். ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து, அந்த மஞ்சள் பகுதியில் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டார். பிறகு அரபில் பேசத் தொடங்கினார். எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய நாட்டுக்காரர் ஒருவர் தண்ணீர்க் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். தலைமைப் பொறியாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். டொக்டர் அதற்குச் சின்னதாக ஏதோ பதில் சொன்னார். வெந்த கையால் முன்னாலிருந்த ஃபைலை மூடிவிட்டு அந்த மனிதர் அறையைவிட்டு வெளியேறினார். மத்தியானத்துக்கு முன்பே கூட்டம் முடிந்துவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். வைத்தவன் நான் என்றேன்." லிஃப்டுக்காக நிற்கும்போது டொக்டர் இதை மட்டும் சொன்னார்.

அடுத்த மூன்று வாரங்கள் பயத்திலேயே போயின. டொக்டரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் என்னையும் கூப்பிட்டு, எப்போதிருந்து தெரியும், ஏன் மேலிடத்துக்குச் சொல்லவில்லை என்று இரண்டு தடவை விசாரித்தார்கள். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். டொக்டர் வீட்டுக்கு ரெலிபோன்கள் வந்தன. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். ஒருநாள் காலை வெகுநேரம் வாசலுக்கு எதிரே இயந்திரத்தை அணைக்காமல் ஒரு கார் நின்றது. அவருடைய மனைவி பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிலக்கீழ் அறையில் வைத்திருந்தார். கடைசியில் பார்த்தால் காரில் வந்தவர் பக்கத்து வீட்டுக்குத் திரைச்சீலை அளக்க வந்தவர். அதைச் சொல்லிச் சிரிக்க முயன்றபோது டொக்டரின் மனைவி அழுதுவிட்டார்.

நாலாவது வாரம் சின்ன நாட்டிலிருந்து ஒரு புகைப்படம் வந்தது. கடிதம் எதுவும் இல்லை. தோண்டிய குழிக்குள் துருப்பிடித்த கிணற்றுத் தலை, அதைச் சுற்றி அப்படியே கட்டியிருந்த வெடிப்பொதிகள். பொதிகளைச் செயலிழக்கச் செய்தார்கள். நிலையத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். உடன்பாடு உடையவில்லை. இரு தரப்பும் கையெழுத்திட்டன, எண்ணெய் ஓடத் தொடங்கியது. அறிக்கையிலிருந்து டொக்டரின் பெயரை மட்டும் நீக்கச் சொன்னார்கள், அதில் இரண்டு நாடுகளுக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அவர் வேலையை விட்டார். விசாரணை இரண்டு வருடம் இழுத்தது, கடைசியில் குடியுரிமை தப்பியது. தாயார் இறந்தபோது அவரால் போகமுடியவில்லை. அடக்கத்தை ரெலிபோனில் பார்த்தார்.

நானும் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். என்றாலும் காலையில் வளைகுடாச் செய்தியைப் பார்க்காமல் எனக்குத் தேத்தண்ணி இறங்குவதில்லை. அங்கே எங்காவது ஏவுகணை என்று வந்தால், அந்த நிலையத்தில் தோளோடு தோள் நிற்கும் இரண்டு நாட்டு ஆட்களையும், அவர்களுக்குக் குழாய் பூட்டிக் கொடுக்கும் எங்கள் பக்கத்து ஆட்களையும் நினைத்துக்கொள்வேன். முப்பது வருடத்தில் ஒட்டியது மூன்று நாளில் பிரியும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

போன வருடம் சின்ன நாட்டிலிருந்து டொக்டருக்கு ஓர் அழைப்பு வந்தது. வயலின் இன்னொரு துண்டைச் சேர்ந்து தோண்டப்போகிறார்கள். அவருடைய படைப்பிரிவு வெடி புதைத்தபடி பின்வாங்கிய பாதை அதன் ஊடாகப் போகிறது. நேரில் வந்து காட்டவேண்டும். பாதுகாப்புக்கு உறுதி என்று ஒரு தாள் இருந்தது. கையெழுத்து தலைமைப் பொறியாளருடையது. "போகட்டுமா?" என்று என்னைக் கேட்டார். முன்பு கத்தி வைத்தவள் நான். இந்த முறை, "எனக்குப் பயமாக இருக்கிறது" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வரவில்லை. அவர் போனார். ஆறு நாட்கள் எந்தத் தகவலும் இல்லை.

திரும்பி வந்தபின் கர்க்லாண்டில் அவர் வீட்டுக்குப் போனேன். முகம் வெயிலில் கறுத்திருந்தது. நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். விமான நிலையத்துக்குத் தலைமைப் பொறியாளரே வந்திருக்கிறார். கை கொடுக்கவில்லை. அடுத்த நாள் எல்லையோரம் கூட்டிப்போய், மணல் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, "நீ முன்னால் நட" என்றிருக்கிறார். வெடி தேடுபவர்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்த இடம்தான். ஆனாலும் ஏற்கெனவே பார்த்த இடத்தில்தானே எல்லோருக்கும் கால் போகிறது.

"இரண்டு மணி நேரம் நடந்தேன். அவர் பின்னால் வருகிறாரா, நின்றுவிட்டாரா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயம். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. மூன்று இடங்களைக் காட்டினேன். கொடியையும் நானே நட்டேன்."

"பிறகு?"

"வந்த வழியாகவே திரும்பினோம். அப்போதுதான் நிலத்தைப் பார்த்தேன். அவரும் முழுத் தூரமும் என் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார்." டொக்டர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "மணலில் ஒரே ஓர் ஆளின் காலடிதான் இருந்தது, இரண்டு முறை மிதித்த ஆழத்தில்."