ஆவடியில் எழுந்த அசிசி

ஆவடியில் மேடு என்று சொல்லிக்கொள்ள ரயில்வே மேம்பாலம்தான் உண்டு. அந்த ஊரில்தான் எங்கள் பங்குத் தந்தை கிறிஸ்துமஸ் குடில் போட்டிக்கு இத்தாலிய மலையூர் ஒன்றைக் கட்ட ஆசைப்பட்டார். ரோமில் படித்தவர். உலகின் முதல் குடிலை அமைத்த புனிதர் பிறந்த அசிசியையே கட்டிவிடலாம் என்றார். நான் இங்குள்ள ராணுவத் தொழிற்சாலையில் வரைபடப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்றவன். பீரங்கி வண்டி வரைந்த கைக்குப் பேராலயம் வராதா என்று பொறுப்பை என் தலையில் கட்டினார்.

புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்தே பாதி அசிசிக்காரனாகிவிட்டேன். பகைவருக்குப் பயந்து மதில் எழுப்பி, மலைச்சரிவில் ஒட்டிக்கொண்ட ஊர். வெளிர் ரோஜா நிறக் கல்வீடுகள். எழுத்தறியாதவர்களுக்காகப் புனிதரின் கதையைச் சுவர் நெடுகத் தீட்டி வைத்த பேராலயம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் படிக்கத் தெரியும். அதனால் ஒவ்வொரு படத்தின் கீழும் உபயதாரர் பெயரை எழுதச் சொன்னார்கள்.

லாரி மண்ணில் மலை எழுந்தது. தெர்மோகோலில் வீடுகள். ஆலயத்தை மட்டும் ஆள் உள்ளே நிற்கும் உயரத்தில் எழுப்பி, அதன் விதானத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்து, நீல வானமும் தங்க நட்சத்திரங்களும் வானதூதர்களும் நானே தீட்டினேன்.

"ஊட்டுக்கு சுண்ணாம்பு அடிக்கச் சொன்னா இடுப்பு வலி. இத்தாலிக்கு மட்டும் வலிக்கலியா?" என்றாள் மனைவி.

திருநாளுக்கு இரண்டு நாள் முன்பு பெருமழை. காலையில் போய்ப் பார்த்தால், மேலே கட்டிய தார்ப்பாய் தண்ணீரோடு சரிந்து கிடந்தது. மலை சேறாகிவிட்டது, விதானம் சுக்குநூறு.

"இன்னா சார், ஒரு மழைக்கே இத்தாலி குந்திக்கிச்சு!" என்றார் பந்தல்காரர்.

குடையோடு வந்த பங்குத் தந்தையின் முகமோ மலர்ந்தது. "அசிசியிலயும் நிலநடுக்கத்துல விதான ஓவியம் நொறுங்கி விழுந்துச்சு. துண்டு துண்டாப் பொறுக்கி, வருஷக்கணக்கா ஒட்டினாங்க. ஒட்ட முடியாத இடத்தை அப்படியே விட்டுட்டாங்க."

"நமக்கு ரெண்டு நாள்தான் இருக்கு ஃபாதர்."

"விட்ட இடம் நமக்குக் கொஞ்சம் அதிகமா இருக்கும். அவ்வளவுதான்."

பாடகர் குழுப் பெண்கள் முறத்தோடு உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல நீலத் துண்டுகளைப் பொறுக்கினார்கள். மனைவியும் வந்தாள். சேற்றை அள்ளி மலையைத் திரும்பக் குவித்து, துண்டுகளை ஒட்டி மேலே ஏற்றியபோது பாதி வானம் மட்டும் திரும்பக் கிடைத்தது.

போட்டி நடுவர்கள் அதன் அடியில் நெடுநேரம் நின்றார்கள். "இந்தப் பழமையை எப்படி வரவழைச்சீங்க?" என்று ஒருவர் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பங்குத் தந்தை, "அசிசியின் வரலாற்றை ஆழமாப் படிச்சிருக்கார்" என்றார். முதல் பரிசு எங்களுக்கே.

பொங்கல்வரை குடிலைப் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த உறவினர்களையெல்லாம் மனைவி அங்கே அழைத்துப் போனாள். நான் தீட்டிய வானத்தைக் காட்டுவதற்கல்ல. ஒரு வானதூதரின் இறக்கையைச் சுட்டி, "இது நான் ஒட்டினது" என்பாள். இறக்கை தலைகீழாக இருந்தது. நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன்.