“ஓடுது” என்ற சொல்

என் மேசைமீது விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு இருக்கிறது. அதன் உட்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஹெப்பரின் பூச்சு. உடலுக்குள் வைக்கப்படும் அந்நியப் பொருளைத் தொட்டதும் இரத்தம் உறையத் தொடங்கும். அதைத் தடுப்பதற்கான பூச்சு அது. பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் கற்பித்து, ஆய்வும் செய்த காலத்தில், இத்தகைய குழாய்களின் வழியே மாட்டிரத்தத்தைச் செலுத்தி, அது எப்போது உறைகிறது என்று பார்த்துக் காத்திருப்பது என் வேலை. வீட்டிலும் காத்திருந்தேன், வேறு விதமாக.

என் மனைவியின் இதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டிருந்தது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் சாப்பாட்டு மேசையில், காலைவேளைகளில், அதன் ‘டிக், டிக்’ எதிர்க் கதிரையிலிருந்து தெளிவாகக் கேட்கும்.

“குழாய்க்கெல்லாம் பூசிறியள். கட்டின மனிசிக்கு ஒரு பூச்சுப் பூசேலாதோ?” என்று கேட்பாள். ஓயாமல் திறந்து மூடும் வால்வில் அந்தப் பூச்சு நெடுநாள் நிற்காது, இரத்தமே அதைக் கழுவிவிடும் என்று விளக்குவேன். பூச்சுக்குப் பதிலாக அவளுக்குத் தினமும் ஒரு குளிசை. அது கூடினால் இரத்தம் கசியும். குறைந்தால் வால்வில் இரத்தம் உறைந்து, ஒலி மங்கும். மங்கினால் ஒரு கணமும் தாமதிக்கக் கூடாதென்று கண்டியில் மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆகவே ஒவ்வொரு காலையும் பத்திரிகையை விரித்து, ஒரு வரியும் வாசிக்காமல், செவிசாய்த்திருப்பேன். அவள் தேநீரைக் கலக்கியபடியே, தலை நிமிராமல் சொல்வாள்: “ஓடுது. நீங்கள் பேப்பரை வாசியுங்கோ.”

ஒருமுறை பல் பிடுங்குவதற்காகக் குளிசையை நிறுத்த நேர்ந்தது. பிடுங்கிய மறுநாளே மீண்டும் தொடங்கச் சொல்லியிருந்தார்கள். அன்று அவள் கொப்பளித்துத் துப்பிய நீரில் இளஞ்சிவப்பாய் ஒரு கீற்று.

“இன்னும் ஒரு நாள் பொறுப்பம்” என்றேன்.

“படிச்ச மனிசன் சொன்னாச் சரி” என்று சிரித்தாள்.

அந்த ஒரு நாளை நான் மூன்று முறை சொன்னேன்.

குளிசையை மீண்டும் தொடங்கிச் சில நாட்களின் பின், ஒரு காலை, தகரக் கூரைமீது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பத்திரிகையை விரித்தேன். டிக் ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மழை என்று நினைத்தேன். அப்படி நினைக்கவே விரும்பினேன். அவள் கரண்டியை நிறுத்தி, என் முகத்தை நேராகப் பார்த்து, “ஓடுது” என்றாள். அதுவரை அவள் அந்தச் சொல்லைத் தலை நிமிர்த்திச் சொன்னதில்லை. என் காதை விட்டு அவள் சொல்லை நம்பினேன்.

நண்பகலில் மழை விட்டது. அவளுக்கு மூச்சு வாங்கியது. கூரை ஓய்ந்த அந்த வீட்டில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. முச்சக்கர வண்டி மகாவலிப் பாலத்தைக் கடக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “காலமையே எனக்கு வித்தியாசம் தெரிஞ்சது. நீங்கள் பயந்திடுவியள் எண்டுதான்...” என்றாள். மருத்துவமனையில் இயன்றதையெல்லாம் செய்தார்கள். பிந்திவிட்டோம்.

குழாய்த் துண்டை வெளிச்சத்துக்குப் பிடித்தால் உட்புறம் இன்றும் மாசின்றித் தெரிகிறது. காலைகளில் அதை மேசைமீது வைத்துவிட்டுப் பத்திரிகையை விரிக்கிறேன். இப்போது ஒரு வரியும் விடாமல் வாசித்துவிடுகிறேன்.