இடப்பெயர்ச்சி என்று எழுதச் சொன்னார்கள்

ஜாக்குலினுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். பக்கத்தில் இருப்பவர் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்கு இறங்கும். அந்தக் குரலைக் கேட்டால் அவள் அப்பா ஜான்சன் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே போய் நின்றுகொள்வார்.

ஜான்சன் சிறுசேரி கம்பெனிகளுக்குக் கேப் ஓட்டுகிறவர். அம்மா ரூத்துக்குப் படூரில் ஓர் அபார்ட்மெண்டில் ஹவுஸ்கீப்பிங். ஜான்சனின் தாத்தா காலம் வரைக்கும் அந்தக் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள்தான். வயல்கள் கைமாறிக் கட்டடங்களான பிறகு, அதே மண்ணில் மாடிப்படி துடைக்கிற வேலை வந்தது.

பிளஸ் டூ மார்க்குக்கு அவளுக்கு பி.காம். கிடைத்திருக்கும். செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். ஏன் என்றவர்களுக்கு, "எனக்குப் புடிச்சிருக்கு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துறைத்தலைவர் வாசுதேவன் நல்ல பேச்சுக்காரர். மகேந்திரவர்மனைப் பற்றி ஆரம்பித்தார் என்றால் மணி அடித்தும் பிள்ளைகள் எழ மாட்டார்கள். முதல் இரண்டு வருஷமும் ஜாக்குலின் அவர் வகுப்பில் முன் பெஞ்சில்தான். "இந்தப் பொண்ணு ஆராய்ச்சி வரைக்கும் போகும்" என்று அவரே எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். பிற்பாடு அந்தச் சொல்தான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

மூன்றாம் வருஷம் துறை சார்பில் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் ஒரு பாரம்பரிய நடை ஏற்பாடானது. கல்லூரி நிர்வாகத்தினர், சுற்றுலா நடத்துகிறவர்கள், சில வெளிநாட்டுக்காரர்கள் வருவதாக இருந்தது. மாணவர்கள் ஆளுக்கோர் இடத்தில் நின்று விளக்க வேண்டும். என்ன பேச வேண்டும் என்பதை வாசுதேவனே எழுதிக் கொடுத்துவிட்டார். ஜாக்குலினுக்குக் கிடைத்தது கிடங்கு. டச்சு வணிகர்கள் இங்கே மெல்லிய துணி வாங்கிச் சேர்த்துவைத்தார்கள், கப்பலில் ஏற்றினார்கள், ஊர் செழித்தது. அவ்வளவுதான் அவள் பங்கு.

அதற்குத் தயார் செய்யத்தான் அவள் லைப்ரரிக்குப் போனாள். டச்சு வணிகத்தைப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. புரியாத இடங்களைக் கௌரவ விரிவுரையாளர் சகுந்தலா மேடம் உட்கார்ந்து விளக்கினார். அதில் ஓர் அத்தியாயம் துணியைப் பற்றியது இல்லை. பஞ்ச காலங்களில் இந்தச் சோழமண்டலக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான பேரை டச்சுக்காரர்கள் வாங்கி, கப்பலில் ஏற்றி, இலங்கைக்கும், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவுக்கும் அடிமைகளாக அனுப்பியிருக்கிறார்கள். பசி தாங்காமல் தன்னையே விற்றவர்கள் உண்டு. பிடித்து வந்து விற்கப்பட்டவர்களும் உண்டு. ஜாக்குலின் அந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தாள். 

நடை அன்று கிடங்கின் செங்கல் சுவரோரம் நின்று, எழுதிக் கொடுத்ததை ஒரு வரி விடாமல் சொன்னாள். பிறகு நிறுத்தாமல் தொடர்ந்தாள்.

"இந்தக் கரையிலேர்ந்து துணி மட்டும் போகல. மனுஷங்களும் போனாங்க. விலைக்கு வாங்கின மனுஷங்க. பஞ்சத்துல—"

"தாங்க் யூ ஜாக்குலின்!" வாசுதேவன் சிரித்தபடி கைதட்டினார். கூட்டமும் கைதட்டியது. "வாங்க சார், அடுத்து கல்லறைத் தோட்டம். கல்லுல கப்பல் எல்லாம் செதுக்கியிருக்கு, பாருங்க."

கூட்டம் நகர்ந்தது. அவள் வாய் பாதி திறந்தபடி நின்றாள்.

விருந்தினர்கள் வேனில் ஏறிய பிறகு அவர் அவளிடம் வந்தார். "எழுதிக் குடுத்ததைப் பேசுன்னுதானே சொன்னேன்?"

"பேசினேன் சார். அதுல இல்லாததையும் பேசினேன்."

"இந்தக் கோட்டையிலேர்ந்து ஏத்தினாங்கன்னு ஆதாரம் இருக்கா?"

"இந்தக் கோட்டைன்னு நான் சொல்லல சார். இந்தக் கரைன்னுதான் சொன்னேன். அது பொய்யா?"

வாசுதேவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொய்யில்ல. நீ பொறக்கறதுக்கு முன்னாலயே அதெல்லாம் படிச்சவன் நான். எதை எங்க பேசணும்னு ஒண்ணு இருக்கு."

இவருக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். ஐரோப்பியர் வருகையை ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தியவர். துணி, மிளகு, கோட்டை, ஒப்பந்தம் என்று எல்லாவற்றையும் சொன்னவர்.

"தெரிஞ்சே வுட்டுட்டீங்களா சார்?" அவள் குரல் இறங்கியிருந்தது. "இத்தன வருஷமா?"

மறுவாரம் பெற்றோரை அழைத்து வரச் சொன்னார்கள். ஜான்சனுக்கு டியூட்டி. ரூத் லீவு போட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டுகிற புடவையில் வந்தாள். பிரின்சிபால் அறையில் நாற்காலிகள் இருந்தன. உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. விருந்தினர் முன்னால் கல்லூரியைத் தலைகுனிய வைத்துவிட்டாள், துறைத்தலைவரை எதிர்த்துப் பேசினாள், நடவடிக்கை எடுக்கலாமா என்று யோசிக்கிறோம் என்றார் பிரின்சிபால்.

"என்ன நடந்துச்சுன்னு அம்மாகிட்ட நானே சொல்றேன் சார்" என்று ஜாக்குலின் ஆரம்பித்தாள்.

அதற்குள் ரூத் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "தெரியாம பேசிட்டா சார். மன்னிச்சுக்கங்க. இனிமே பேச மாட்டா. நான் பாத்துக்கறேன்."

"நீங்க புரிஞ்சுக்கிட்டீங்க. சந்தோஷம்" என்றார் பிரின்சிபால். விஷயம் முடிந்தது.

திருப்போரூர் பஸ்ஸில் ஜாக்குலின் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனபின் கேட்டாள்: "யார் தெரியாம பேசுனது? நானா?"

"கத்தாத."

"நான் கத்தல. நான் தப்பே பண்ணல. நீ இன்னாத்துக்குக் கும்புட்ட?"

"உன் சீட்டு போயிடும்டி. அந்தாளு மொகத்தப் பாத்தியா? எழுதறதுக்குப் பேனாவ எடுத்துக்கினு இருந்தான். நீ படிக்கணும். அதுக்கு யார் கால்ல வுழணும்னாலும் நான் வுழுவேன்."

"எனக்கு வேணாம். அப்படி ஒரு படிப்பு எனக்கு வேணாம்."

"எனக்கு வேணும்" என்றாள் ரூத். 

படிப்பை அவள் விடவில்லை. கடைசி செமஸ்டரில் புராஜெக்ட் இருந்தது. வழிகாட்டியாகச் சகுந்தலா மேடத்தைக் கேட்டு வாங்கினாள். 'சோழமண்டலக் கரையில் டச்சு அடிமை வணிகம்' என்று தலைப்பு வைத்தாள். சகுந்தலா எச்சரித்தார்: "எனக்கு வருஷா வருஷம் புதுசா வேலை ஆர்டர் போடணும். என்னால வாசுதேவன் சார்கிட்ட சண்டை போட முடியாதும்மா. ஆனா பக்கத்துக்குப் பக்கம் திருத்தித் தரேன்." சொன்னபடியே திருத்தித் தந்தார்.

துறைத்தலைவர் ஒப்புதல் இல்லாமல் புராஜெக்டை பைண்டிங்குக்குக் கொடுக்க முடியாது. வாசுதேவன் முழுதும் படித்தார். அவர் ஒரு பிழையைக்கூடக் காட்டவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பி, பென்சிலால் தலைப்பை அடித்து, மேலே எழுதினார்: 'டச்சு வணிகத்தில் தொழிலாளர் இடப்பெயர்ச்சி.'

"இப்படி மாத்திட்டு வா. கையெழுத்துப் போடறேன். உள்ள ஒரு வரிகூட மாத்த வேணாம்."

ஜாக்குலின் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இடப்பெயர்ச்சின்னா வீடு மாறிப் போறது சார். எங்கப்பா கூட கேப் ஓட்டுறவங்கள்லாம் ஊர் விட்டு வந்தவங்க, அது இடப்பெயர்ச்சி. கைய கட்டிக் கப்பல்ல ஏத்தறதுக்கு வேற பேரு இருக்கு."

"வார்த்தையில என்ன இருக்கு?"

"வார்த்தையில ஒண்ணுமில்லன்னா நீங்க ஏன் சார் மாத்தறீங்க?"

 வாசுதேவன் தாள்களை அவள் பக்கம் தள்ளினார். அவள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கெடு முடிகிற நாள்வரை தலைப்பை மாற்றவில்லை. கையெழுத்தே போடாமல் விட்டால் ஏன் என்று பல்கலைக்கழகத்தில் கேட்பார்கள். அதனால் கடைசியில் அவள் வைத்த தலைப்புக்கே போட்டார். தன் கையில் இருந்த இன்டர்னல் மார்க்கைக் குறைத்தார். வகுப்பிலேயே அவளுக்குத்தான் குறைவு.

வைவாவுக்கு வெளியிலிருந்து தேர்வாளராக வந்த அம்மையார் தலைப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "டச்சு ஆவணம் ஒண்ணாவது நீயே படிச்சியா?" என்றார்.

"இல்ல மேடம். டச்சு தெரியாது."

"அப்போ படிச்சவங்க சொன்னதைத் திருப்பிச் சொல்லியிருக்க. நல்லா சொல்லியிருக்க. ஆனா அவ்வளவுதான்."

வாசுதேவன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அந்த அம்மையார் சொன்னது சரி. அது இன்னும் எரிந்தது.

ரிசல்ட் வந்தபோது முதல் வகுப்பு தவறியிருந்தது. அந்த இன்டர்னல் மார்க்கைக் குறைக்காமல் இருந்திருந்தால் வந்திருக்கும். நுழைவுத் தேர்வு எழுதிச் சென்னையில் எம்.ஏ.வுக்கு இடம் பிடித்தாள். அன்று ரூத் தான் வேலை செய்கிற அபார்ட்மெண்ட் முழுக்க லட்டு கொடுத்தாள். மகள் ஒன்றை எடுத்துத் தின்றாள். பிரின்சிபால் அறையில் நடந்ததைப் பற்றி இதுவரை அம்மாவும் வாய் திறக்கவில்லை, மகளும் மன்னிக்கவில்லை.

இப்போது ஜாக்குலின் எம்.ஏ. முதல் வருஷம். காலையில் பஸ்ஸில் போனை வைத்துக்கொண்டு டச்சு படிக்கிறாள். வீட்டிலும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுகிறாள்.

"இன்னா பாஷ அது, தொண்டையில மீன்முள்ளு மாட்டிக்கினாப்ல?" என்றார் ஜான்சன்.

"அவங்க எழுதிவச்ச பாஷ."

"அத்தப் படிச்சு இன்னா பண்ணப் போற?"

"எத்தினி பேர ஏத்துனாங்கன்னு நானே எண்ணணும். யாரு, எந்த ஊரு, பேரு எழுதினாங்களா இல்லியா, எல்லாத்தையும் நானே பாக்கணும். அப்பறம் எவன் வந்து பென்சிலால அடிக்கறான்னு பாக்கறேன்."

குரல் இறங்கிப் போயிருந்தது. ரூத் குக்கரை இறக்கி வைத்துவிட்டு, டிபன் டப்பாவில் சோற்றைப் போட்டு மூடினாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு, அந்தக் கரடுமுரடான சொற்களை முணுமுணுத்தபடியே ஜாக்குலின் கிளம்பினாள்.